டேக் ஓவர் சொல்லாத மத்தியானம்

எனக்கு எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் குறைபட்டுக்கொள்ளக் கூடாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். மறதி வேறு. அடுப்பில் சட்டியை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அதனால் முன்னே சொல்ல வேண்டியது பின்னே வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் மகள் கலா என்னைப் பசியாற அழைத்துக்கொண்டு போனாள். ஈப்போவில் நாங்கள் எப்போதும் போகும் பாய் கடைதான். ஆனால் கல்லாவில் பாய் இல்லை. அவர் மகன் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையில் போன், ஒரு கையில் ரிமோட்.

"அத்தா எங்க தம்பி?" என்று கலா கேட்டாள்.

"அத்தா வீட்ல ரெஸ்ட்டுக்கா. முட்டி வலி. கடைய நான் டேக் ஓவர் பண்ணிட்டேன்லா."

அவர் அதைச் சொன்ன நேரம், ஒரு பையன் வந்து பக்கத்து அலமாரிக் கண்ணாடியில் புஸ் புஸ் என்று மருந்தடித்துத் துடைத்தான். அமோனியா வாடை. ரொட்டி சானாய் வாய்க்குப் போகிற வழியில் என் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னம்மா, சூடா?" என்றாள் கலா. சூடில்லை. அந்த வாடையும் அந்தச் சொல்லும் ஒன்றாக வந்து எத்தனையோ வருசம் ஆகிவிட்டது.

இங்கிலீசில் எனக்குத் தெரிந்த சொற்களை இரண்டு கைக்குள் அடக்கிவிடலாம். அதில் 'டேக் ஓவர்' மட்டும் எனக்குச் சொந்தமான சொல் மாதிரி. மற்றதெல்லாம் கடன் வாங்கிப் பேசுவது போலத்தான் இருக்கும்.

அதை நான் முதலில் கேட்டது பத்து காஜா டவுன் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில். அப்போது நான் பாவாடை கட்டுகிற பெண். விடியக் காலையில் வேலையாட்கள் எல்லாரும் வரிசையாக நின்று பேர் கொடுப்பார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். ஒரு நாள் பெரட்டில், எங்களை வேலை வாங்குகிற தண்டல் மாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்குங்க. தோட்டத்தப் புதுக் கம்பெனி டேக் ஓவர் பண்ணிருச்சி."

யாருக்கும் புரியவில்லை. தண்டலுக்கே புரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். பக்கத்து வீட்டு அஞ்சலையக்காதான் கேட்டார்: "அப்படின்னா என்னா தண்டலே?"

"வாங்கிட்டாங்கன்னு அர்த்தம்."

"எதெதெல்லாம்?"

"மரம், ஸ்டோரு, லயத்து வீடு, மாட்டுக் கொட்டாய், எல்லாந்தான்."

"நாங்க?"

தண்டல் கொஞ்சம் யோசித்தார். "நீயுந்தான்."

"என்னா வெலைக்குப் போட்டான் என்னைய?" என்றார் அஞ்சலையக்கா. பெரட்டே சிரித்தது. புதுத் துரை வந்தார், அலுவலகத்துப் பலகையில் புதுப் பெயர் வந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் பழையபடி காலையில் காற்று, சாயங்காலம் சேறு.

ஆனால் அந்தச் சொல் எங்களிடம் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஆட்களுக்குப் புதுச் சொல் ஒன்று கிடைத்தால் போதும், தேயத் தேயப் பேசுவார்கள். பிள்ளைகள் கோலிக் குண்டைப் பிடுங்கிக்கொண்டால் டேக் ஓவர். மாமியார் கையிலிருந்து மருமகள் அகப்பையை வாங்கினால் டேக் ஓவர். மேட்டு லயத்தில் ஒருவர் இரண்டாம் தாரம் கட்டிக்கொண்டு வந்தபோதும் குழாயடியில் அதைத்தான் சொன்னார்கள். அந்தப் புதுப் பெண் அர்த்தம் தெரியாமல் வெட்கப்பட்டுச் சிரித்தாள், பாவம்.

எல்லாவற்றையும்விட நிரைக்குத்தான் அந்தச் சொல் பொருந்தியது. பாலுக்காகப் பட்டையைக் கத்தியால் சீவுவதைத்தான் மரம் வெட்டுவது என்போம், ஒவ்வொருவருக்கும் அப்படி வெட்டக் கொடுத்திருக்கும் மர வரிசையை நிரை என்போம். ஒருத்தி பிள்ளை பெறப் போனாலோ நோயில் படுத்தாலோ அவள் நிரையை இன்னொருத்தி எடுத்து வெட்ட வேண்டும். எடுக்கிறவள் சும்மா எடுத்துவிட மாட்டாள். கொடுக்கிறவளோடு மரம் மரமாக நடப்பாள். பட்டையைத் தடவிப் பார்ப்பாள். கத்தி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டிருந்தால் அங்கேயே தண்டலைக் கூப்பிட்டுக் காட்டுவாள். காட்டாமல் எடுத்துக்கொண்டால் அந்தக் காயம் அவள் கணக்கில் சேர்ந்துவிடும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை, பெண்கள் அவர்களாகவே வைத்துக்கொண்டது. அஞ்சலையக்கா இதில் கெட்டிக்காரி. "இந்த மரத்த என் தலையில கட்டாத! இது நேத்து வெட்டுனது, இன்னிக்கி நான் வாங்க மாட்டேன்!" என்று அவர் போடும் சத்தம் அடுத்த தோட்டத்துக்குக் கேட்கும்.

எனக்கு அப்படி வாய் கிடையாது. இப்போதும் கிடையாது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூட வெளியே வந்து கலாவிடம்தான் சொல்வேன். நானும் என் நிரையை எடுக்கும்போது மரத்தைத் தடவிப் பார்ப்பேன், ஆனால் காயத்தைக் கண்டால் அதன் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பேன். தண்டல் வந்து "என்னா?" என்று கேட்கும்வரை நிற்பேன். அவர் கேட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நான் நகர மாட்டேன். "இவ பேசாமயே சண்டைக்கு வாரா" என்பார்.

கித்தா மரங்களை, அதுதான் ரப்பர் மரங்களை, அடியோடு வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது எங்களைப் போன்ற நிறைய பேர் டவுனுக்கு வந்துவிட்டோம். எனக்குக் கல்யாணமாகி கலா பிறந்திருந்தாள். ஈப்போ புந்தோங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். இடுப்பு பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் படுத்துவிடுவார். அந்த நேரத்தில் ஈப்போவுக்கு வெளியே கையுறைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். உள்ளே காலை வைத்ததும் அமோனியா வாடை மூக்கில் அடித்தது. ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றுவது. மற்றப் பெண்கள் எல்லாம் கைக்குட்டையை எடுத்தார்கள். எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. தோட்டத்தில் மரத்தடி மங்குக் கிண்ணத்தில் சொட்டின பால்தானே, இங்கே தொட்டி தொட்டியாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

கையுறை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? பீங்கானில் செய்த வெள்ளைக் கைகள். கை அச்சு என்போம். நீளமான சங்கிலியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும், பால் தொட்டியில் முங்கும், எழும்பும், அடுப்புக்குள் போகும், காய்ந்து எங்களிடம் வரும். நாங்கள் ஆளுக்கொரு இடத்தில் நின்று அச்சிலிருந்து கையுறையை உருவி எடுக்க வேண்டும். சங்கிலி நிற்காது. மூக்கைச் சொறிய ஆசைப்பட்டால்கூட நாலைந்து கைகள் தாண்டிப் போய்விடும். தாண்டினதை ஓடிப் பிடிக்க வேண்டும். ஒட்டாமல் இருக்கத் தூவும் மாவு புருவத்தில் எல்லாம் படிந்து, வேலை முடிகிற நேரம் எல்லாரும் கிழவி வேசம் கட்டினது மாதிரி இருப்போம். இப்போது எனக்கு அந்த மாவு தேவையில்லை.

இங்கேதான் அந்தச் சொல் திரும்ப வந்தது. காலை ஷிப்ட் முடிந்து மத்தியான ஷிப்ட் வரும்போது இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாற வேண்டும். நிற்கிறவளின் பக்கத்தில் வருகிறவள் போய் நின்று, "டேக் ஓவர்!" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பழைய ஆள் கையை எடுக்கலாம். சொல்லும்வரை அந்த இடம் அவள் பொறுப்பு. மலாய்ப் பெண், சீனப் பெண், தமிழ்ப் பெண் எல்லாருக்கும் அதே சொல். பாங்கு மாதிரி, மணி அடிக்கிற மாதிரி, மத்தியானம் ஆனால் கொட்டகை முழுக்க அது கேட்கும்.

என் குரல் மட்டும் கேட்காது. எனக்கு முந்தின ஷிப்டில் நிற்பவள் சரசு. ஆயர் தாவார் பக்கத்துப் பெண், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவள் காதைக் கையால் குவித்துக்கொண்டு நிற்பாள்.

"சாமிக்கிட்ட வேண்டிக்கிறியா? வாயத் தொறந்து சொல்லுடி!"

"சொல்லிட்டேன் அக்கா."

"எப்ப? நேத்தா?"

அப்புறம் என் உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டு கையை எடுத்துவிடுவாள்.

அந்தச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு வேலை உண்டு. எங்கள் தலைக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், வரிசை நெடுக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். ஆபத்து என்றால் அதை இழுக்க வேண்டும், சங்கிலி நின்றுவிடும். ஷிப்ட் மாறும்போது வருகிறவள் அந்தக் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். சங்கிலி ஒரு நொடி நின்று, கயிற்றை விட்டதும் மறுபடி ஓடும். அதற்கப்புறம்தான் டேக் ஓவர். இதையும் கம்பெனி சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்கள் நிரம்பின வரிசை அல்லவா, பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை.

அந்தக் கயிற்றின் அருமை எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கையுறை வராமல் முறுக்கிக்கொண்டது. நான் குனிந்து இழுத்தபோது சட்டைக் கை சங்கிலியில் மாட்டிக்கொண்டு என்னை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பின சரசு திரும்பி ஓடி வந்து கயிற்றில் தொங்கினாள். சட்டைதான் கிழிந்தது. விரல்கள் இருக்கின்றன. இதோ, இந்த விரல்களால்தான் கோணல் மாணலாக எழுதுகிறேன்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். என் சரக்கே அதுதான்.

எங்கள் சூப்பர்வைசர், தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவரின் மகன். பெயர் வேண்டாம், மகன் மகள் எல்லாம் இருப்பார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எங்களிடம் பேசும்போது அப்பாவுடைய மேசைக்குப் பின்னால் நின்று பேசுகிற மாதிரியே பேசுவார். ஒவ்வொரு தடவை சங்கிலி நிற்கும்போதும் அடுப்புக்குள் இருக்கிற கையுறை கருகிப்போகிறது என்று மேலே இருந்து அவருக்கு நெருக்கடி. நான் அன்றைக்கு வந்து சரசு பக்கத்தில் நின்று, கயிற்றுக்குக் கையைத் தூக்கினேன். கயிறு இல்லை. அண்ணாந்து பார்த்தேன். மேலே உத்தரத்தில் சுருட்டிக் கட்டியிருந்தது.

"கயிறு எங்கக்கா?"

"காலையில சார் கட்டச் சொல்லிட்டாரு. நீ சொல்லு, நான் போவணும்."

நான் நின்றேன்.

"சொல்லுடி. பஸ்ஸு போயிரும்."

நான் நின்றேன். அவள் கை உருவிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் என்னை முறைத்தது.

"என் மக ஸ்கூல் விட்டு வந்து வாசல்ல உக்காந்திருப்பா. வீடு பூட்டியிருக்கு. விளையாடாத!"

"கயிறு இல்லாம நான் வாங்க மாட்டேன் அக்கா," என்றேன். அவளுக்குக் கேட்டதோ என்னவோ, உதட்டைப் படித்துவிட்டாள். என் விரலைக் காப்பாற்றினவளை நானே பிடித்து வைத்திருக்கிறேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை போனால் வாடகை அறையும் போகும், அதுவும் தெரியும். படுத்திருக்கிற வீட்டுக்காரரும், பால் புட்டியோடு கலாவும் கண் முன்னால் வந்தார்கள். ஆனாலும், நிரையில் காயம் கண்ட மாதிரி அந்த இடத்தில் என் கால் ஊன்றிவிட்டது.

சூப்பர்வைசர் வந்தார். "என்ன இங்க? ஏன் சரசு இன்னும் நிக்கிறா?"

"இவ டேக் ஓவர் பண்ண மாட்டேங்கிறா சார்," என்றாள் சரசு.

"ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

நான் மேலே கையைக் காட்டினேன்.

"அதான் கட்டியாச்சே. ஆளாளுக்கு இழுத்து விளையாடுறீங்க. எதாச்சும்னா என்னைக் கூப்பிடு, நான் ஆப் பண்றேன்."

"நீங்க வர்றதுக்குள்ள அடுப்பு வந்துரும் சார்," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. "என்னா?"

திரும்பச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. சரசுதான் சொன்னாள். வீட்டுக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்தவள், என்னைத் திட்டிக்கொண்டே, அதை எனக்காகக் கத்திச் சொன்னாள்: "நீங்க வர்றதுக்குள்ள அடுப்பு வந்துருமாம் சார்!"

அவர் முகம் சிவந்தது. "ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு இவ்வளவு பவுசா? வாயில இருந்து முத்தா கொட்டிரும்? சொல்றியா, இல்ல நாளையில இருந்து வீட்ல இருக்கியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பயத்தில்தான். பூட்ஸ் நுனியைப் பார்த்துக்கொண்டே தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினேன். மாட்டேன்.

"சரி, இவ கெடக்கட்டும்," என்று அவர் மத்தியான ஷிப்டுக்கு வந்திருந்த மற்றவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "நீங்க எல்லாம் எடுங்க. ம், டேக் ஓவர்! சீக்கிரம்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, யாருடைய குரலும் இதுவரைக்கும் வரவில்லை. வழக்கமாக அந்நேரம் கொட்டகை முழுக்க அந்தச் சொல்தானே கேட்கும்? சங்கிலிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல், தமிழில்: "எங்களுக்கும் வேணாம் சார்." உடனே மலாயில் ஒரு குரல், எனக்கும் வேண்டாம் என்று. அப்புறம் ஈரத் தரையில் பூட்ஸ் சத்தம். சப், சப், சப் என்று ஒவ்வொருவராக என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கிற சத்தம். நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவேன் என்று பயம்.

சரசு என்ன செய்தாள் தெரியுமா? தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றிக் காலடியில் வைத்தாள். வைத்துவிட்டு வந்துகொண்டே இருக்கிற வெள்ளைக் கைகளிலிருந்து உருவிப் போட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் வாங்கவில்லையே, அப்படியானால் அது அவள் பொறுப்பு. ஒன்றைக்கூட அவள் தாண்டவிடவில்லை.

சூப்பர்வைசர் எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் இயந்திரம் பழுது பார்க்கிற பிட்டர் ஆ லெக்கைக் கூப்பிட்டார். ஆ லெக் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்டனீஸ் சீனத்தில் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, கயிற்றை அவிழ்த்து விட்டான். அது தொங்கி ஆடிக்கொண்டு என் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

நான் இழுத்தேன். சங்கிலி நின்றது. அந்த வரிசையின் இரைச்சல் முழுக்க அடங்கிவிட்டது. அந்த அமைதியில் நான் வழக்கமாகச் சொல்கிற குரலில்தான் சொன்னேன், சத்தியமாகக் கூட்டிச் சொல்லவில்லை. "டேக் ஓவர்."

கொட்டகையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"இன்னிக்கித்தான் கேட்டுச்சிடி," என்றாள் சரசு. பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பஸ் போய்விட்டது. ஆ லெக் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டானாம். அவள் மகள் பக்கத்து வீட்டுச் சீனத்தி கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, அம்மா ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாள் என்கிற மாதிரி பார்த்தாளாம். ஆனாலும் சரசு கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உதட்டைப் பார்ப்பாள், கையை எடுப்பாள், போவாள். பிறகு ஒரு நாள் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து என் டப்பாவில் போட்டுவிட்டுப் போனாள். அதோடு சரியாகிவிட்டது.

என் வேலை போகவில்லை. கயிற்றை மறுபடி யாரும் கட்டவுமில்லை. ஆனால் எனக்கு லீடர் வேலையும் கொடுக்கவில்லை. பின்னாளில் பேக்கிங்கில் போட்டார்கள், அங்கேயே வயதாகி ஓய்ந்தேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கதையைக் கலாவிடம் சொன்னபோது, "நீயாம்மா? நீயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். நான்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது? வேறு எதற்கும் நான் பெருமைப்பட்டதில்லை, இதற்குப் படுகிறேன்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. அந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். மற்ற ஊர்களில் இருக்கும் புதுத் தொழிற்சாலைகளில் கையுறையை இயந்திரமே உருவிவிடுகிறதாம். ஆள் மாறும்போது அட்டையைத் தொட்டால் போதுமாம், யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஷிப்டுப் பெண்களில் சிலர் பிள்ளைகளோடு கோலாலம்பூர் போய்விட்டார்கள், சிலர் சிங்கப்பூர், சிலர் இல்லவே இல்லை. சரசுவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதினதில் தப்பு இருக்கும். கயிறு சிவப்புத்தானா, ஏணி கொண்டுவந்தது ஆ லெக்தானா, யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று. என் பின்னால் முதலில் "எங்களுக்கும் வேணாம் சார்" என்று சொன்னது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்போது கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி நான்தான் என்றாள், இன்னொருத்தியும் நான்தான் என்றாள், மூன்றாமவள் இவர்கள் இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள், நான்தான் என்றாள். பிறகு அதுவே பெரிய சிரிப்பாகிவிட்டது, நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. அந்த மத்தியானம் அங்கே நின்றவர்கள் யாராவது இருந்தால், உங்கள் அம்மாவோ அத்தையோ சின்னம்மாவோ இருந்தால், கேட்டுப் பாருங்கள். யார் யார் நின்றார்கள், என்ன பெயர். நான் முன்னால் பார்த்துக்கொண்டு நின்றவள், ஒரு முகத்தையும் பார்க்கவில்லை.